தகர ரயிலுக்கு ஏன் இவ்வளவு மவுசு? - ஃபிராங்க் ஹார்ன்பியின் கதை

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு காலத்தில் குட்டி ரயில் ஓடியது தெரியுமா? தண்டவாளங்களுக்கு இடையே இருந்த அகலம் வெறும் 762 மில்லி மீட்டர். இன்றைய அகலப்பாதையின் அகலம் 1,676 மில்லி மீட்டர். அதில் பாதிகூட இல்லை! 1906-ல் தொடங்கிய அந்தப் பாதை, 1913-ல் ஓசூர் வரை நீண்டது. 1941-ல், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது மூடப்பட்டது. தண்டவாளங்களையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

அதே போர், பல ஆயிரம் கிலோ மீட்டர் தள்ளி இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் இன்னொரு ரயிலையும் நிறுத்தியது. அதன் பாதை அகலம் 32 மில்லி மீட்டர்தான். தகரத்தில் செய்த பொம்மை ரயில். சாவி கொடுத்தால் ஓடும். அந்த ரயில்களைத்தான் இன்று உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அவற்றின் மீது இருக்கும் பெயர், ஹார்ன்பி.

யார் இந்த ஹார்ன்பி? பெரிய இன்ஜினியரா? ரயில்வே அதிகாரியா? இரண்டும் இல்லை. இறைச்சி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

ஃபிராங்க் ஹார்ன்பி 1863-ம் ஆண்டு மே 15-ம் தேதி லிவர்பூலில் பிறந்தார். அப்பா ஜான் ஹார்ன்பி, மளிகை, உணவுப் பொருள் வியாபாரி. ஃபிராங்குக்குப் படிப்பில் பெரிய ஈடுபாடு கிடையாது. வகுப்புக்கு மட்டம் போடுவதும் உண்டு. 16 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் கடையில் கேஷியராக உட்கார்ந்தார்.

ஆனால், கை சும்மா இருக்காது. சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய சுயமுன்னேற்றப் புத்தகம் ஒன்றை இளம் வயதில் படித்தார். ஏழ்மையிலிருந்து மேலே வந்த கண்டுபிடிப்பாளர்களின் கதைகள் அதில் இருந்தன. நாமும் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசை அப்போது பிடித்துக்கொண்டது. நிற்காமல் ஓடும் இயந்திரம் செய்யப் பார்த்தார். நீர்மூழ்கிக் கப்பல் செய்யப் பார்த்தார். எதுவும் தேறவில்லை.

1887-ல் கிளாரா என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். ரோலண்ட், டக்ளஸ் என இரண்டு மகன்கள். 1899-ல் அப்பா இறந்ததும் குடும்ப வியாபாரம் மூடப்பட்டது. குடும்பத்தைக் காப்பாற்ற டேவிட் எலியட் என்பவரின் இறைச்சி இறக்குமதி நிறுவனத்தில் கணக்கர் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 36. வெளியிலிருந்து பார்த்தால், பெரிதாக எதுவும் சாதிக்காத ஒரு நடுத்தர வர்க்கத்து மனிதர். அவ்வளவுதான்.

ரயில் ஜன்னலில் தெரிந்த கிரேன்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், மகன்களுக்காகப் பொம்மைகள் செய்வார். உலோகத் தகட்டை வெட்டி பாலம், லாரி, கிரேன் என உருவாக்குவார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு பொம்மைக்கும் புதிது புதிதாகப் பாகங்கள் வெட்ட வேண்டும். பாலத்துக்கு வெட்டிய துண்டு கிரேனுக்கு உதவாது. நேரமும் வீண், தகடும் வீண்.

இதற்கான விடை, ஒரு ரயில் பயணத்தில் அவருக்குக் கிடைத்தது. சரக்கு ரயில்கள் நிற்கும் யார்டில் ஒரு சின்ன கிரேனைப் பார்த்தார். அதன் சட்டங்களைப் பார்த்தபோது பொறி தட்டியது. எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவு விதியில் வெட்டினால் என்ன? எல்லாவற்றிலும் ஒரே இடைவெளியில் துளை போட்டால் என்ன? பிறகு எந்தத் துண்டை எதோடு வேண்டுமானாலும் நட், போல்ட் போட்டு இணைக்கலாம், கழற்றலாம், மறுபடி வேறொன்றாக மாற்றலாம்.

அரை அங்குல அகலப் பட்டைகள், அரை அங்குல இடைவெளியில் துளைகள். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால், நம்மூரில் மெக்கானிக்ஸ் செட் வைத்து விளையாடியவர்களுக்கு இது உடனே புரியும். அந்த பச்சை, சிவப்புப் பட்டைகளின் பூர்வீகம் இதுதான்.

5 பவுண்ட் கடன்

யோசனை கிடைத்தால் போதுமா? காப்புரிமை வாங்கக் காசு வேண்டுமே. ஹார்ன்பியிடம் இல்லை. தன் முதலாளி எலியட்டிடமே 5 பவுண்ட் கடன் கேட்டார். எலியட் கொடுத்தார். 1901 ஜனவரியில் ஹார்ன்பி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

கடன் கொடுத்ததோடு எலியட் நிற்கவில்லை. தன் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலை செய்ய இடமும் கொடுத்து, பங்குதாரராகவும் சேர்ந்தார். 1902-ல் முதல் செட் விற்பனைக்கு வந்தது. உள்ளே 16 வகைப் பாகங்கள். விலை ஏழரை ஷில்லிங். அப்போது ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். அதாவது ஹார்ன்பி வாங்கிய மொத்தக் கடனே, 13 செட்களின் விலைதான்!

பார்க்கப் பகட்டாக இல்லாத அந்த இரும்புத் துண்டுகளை எடுத்துக்கொள்ள கடைக்காரர்கள் தயங்கினார்கள். இது பொம்மை என்பதைவிட ஒரு பாடம் என்று சொல்ல ஹார்ன்பி முடிவு செய்தார். லிவர்பூலில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஹெலி-ஷாவிடம் காட்டி, அவரது பரிந்துரையை வாங்கினார். அந்தப் பரிந்துரையை விளம்பரத்தில் பயன்படுத்தினார். பெற்றோரின் பார்வை மாறியது.

இருந்தாலும் லாபம் என்று கையில் கொஞ்சம் பார்த்தது 1906-ல்தான். மொரப்பூர் - தருமபுரி குட்டி ரயில் ஓடத் தொடங்கிய அதே ஆண்டு.

1907-ல் பாகங்கள் செய்து தந்தவர்களால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் ஹார்ன்பி கணக்கர் வேலையை விட்டார். அப்போது வயது 44. வாடகைக்கு இடம் பிடித்து சொந்தமாக உற்பத்தியைத் தொடங்கினார். பொம்மைக்கு மெக்கானோ என்று பெயர் வைத்ததும் அப்போதுதான். 1908-ல் மெக்கானோ லிமிடெட் உருவானபோது எலியட் அதில் சேரவில்லை. கம்பெனி ஹார்ன்பி கைக்கு வந்தது. 1914-ல் லிவர்பூலின் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது.

தகர ரயில் எப்படி வந்தது?

முதல் உலகப்போருக்கு முன்பு பொம்மை ரயில் என்றாலே ஜெர்மனிதான். நியூரெம்பெர்க் நகரத்தின் பிங், கோப்பிங்கன் ஊரின் மெர்க்லின் போன்ற நிறுவனங்கள் கொடிகட்டிப் பறந்தன. பிரிட்டன் குழந்தைகள் ஓட்டியதும் பெரும்பாலும் ஜெர்மன் ரயில்களைத்தான். 1914-ல் போர் வந்ததும் இறக்குமதி நின்றது. போர் முடிந்த பிறகும் ஜெர்மன் சரக்கு வாங்க மக்களுக்கு மனம் வரவில்லை. சந்தையில் ஒரு பெரிய இடம் காலியாக இருந்தது.

1920-ல் அந்த இடத்துக்கு ஹார்ன்பி ரயில் வந்தது. அப்போது அவருக்கு வயது 57. புதிதாக ஒன்றைத் தொடங்கும் வயதா என்று யாரும் கேட்டிருக்கலாம். ஆனால், அவரிடம் ஏற்கெனவே தொழிற்சாலை இருந்தது, தகடு வெட்டும் அனுபவம் இருந்தது, நட், போல்ட் இருந்தது. ஆரம்பகால ஹார்ன்பி ரயில்களை மெக்கானோ மாதிரியே கழற்றி மாட்டலாம். இன்றைக்கு சேகரிப்பாளர்கள் ஆரம்ப கால ரயிலை அடையாளம் காண முதலில் தேடுவதும் அந்த நட், போல்ட்டைத்தான்.

ஏன் தகரம்? காரணம் எளிது. வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு மலிவு, எடை குறைவு, எளிதில் துருப்பிடிக்காது. அச்சில் வைத்து அழுத்தினால் கதவு, ஜன்னல், ஆணித்தலை எல்லாம் ஒரே அடியில் வந்துவிடும். தகட்டின் மீதே வண்ணப் படத்தை அச்சிட்டு, பிறகு வெட்டி மடித்து, ஓரத்துக் காதுகளைத் துளையில் செருகி வளைத்தால் ஒரு பெட்டி தயார். பற்றவைக்கக்கூட வேண்டாம். விலை குறைந்த ரயில்கள் இப்படி உருவாகின. விலை கூடியவற்றுக்கு எனாமல் பூச்சு.

சாவி எதற்கு? அன்றைக்குப் பல வீடுகளில் மின்சாரமே கிடையாது. உள்ளே இருக்கும் சுருள் கம்பியை முறுக்கிவிட்டால் அது விரியும் வேகத்தில் ரயில் ஓடும். 1925-ல் ஹார்ன்பியின் முதல் மின்சார ரயில் வந்தது. வீட்டு மின்சாரத்தையே, நடுவில் ஒரு பல்பை வைத்துக் குறைத்து, தண்டவாளத்துக்கு அனுப்பும் ஏற்பாடு! குழந்தைகள் தொடும் பொருளில் இது ஆபத்து என்பதால், சீக்கிரமே குறைந்த வோல்டேஜுக்கு மாறிவிட்டார்கள்.

ராஜாவுக்கு வெள்ளி, கணக்கருக்குத் தகரம்

அதே காலகட்டத்தில் இந்தியாவிலும் ஒரு புகழ்பெற்ற பொம்மை ரயில் இருந்தது. குவாலியர் மகாராஜா மாதவ ராவ் சிந்தியா ரயில் பிரியர். ஜெய் விலாஸ் அரண்மனையின் சாப்பாட்டு மேஜை மீது வெள்ளியில் செய்த ரயில் ஓடும். பெட்டிகளில் மதுக் குடுவைகளும் சுருட்டுகளும் விருந்தினர்களைத் தேடி வரும். அந்த ரயிலை இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1925-ல் இறந்த அந்த மகாராஜா, தன் சமஸ்தானத்தில் 610 மில்லி மீட்டர் அகலத்தில் நிஜக் குட்டி ரயிலும் விட்டார்.

பொம்மை ரயில் என்பது அரசர்களின் மேஜையில் ஓடிய காலத்தில், அதை நடுத்தர வர்க்க வீட்டின் தரையில் ஓடவிட்டதுதான் ஹார்ன்பி செய்த வேலை. அதற்காக அவரை ஏழைகளின் நாயகன் என்று சொல்லிவிடவும் முடியாது. அவரது பெரிய செட்கள் தொழிலாளர் வீடுகளுக்கு எட்டாத விலையில்தான் இருந்தன. விளம்பரங்கள் பையன்களைப் பார்த்தே பேசின. பெண் குழந்தைகளும் பாலம் கட்டுவார்கள், ரயில் ஓட்டுவார்கள் என்ற எண்ணமே அதில் இல்லை. இத்தனைக்கும், பின்ஸ் சாலைத் தொழிற்சாலையில் அந்தப் பொம்மைகளைச் செய்தவர்களில் ஏராளமானோர் பெண்கள்.

சந்தைப்படுத்துவதில் ஆள் கில்லாடி. 1916-லேயே மெக்கானோ பெயரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதில் பாலங்கள், கப்பல்கள், ரயில்கள் பற்றிய செய்திகள் வரும். வாசகர்களுக்குக் கிளப் அமைத்தார். 1928-ல் ரயில் பிரியர்களான சிறுவர்களுக்குத் தனி அமைப்பே தொடங்கப்பட்டது. இன்றைக்கு பிராண்டுகள் கம்யூனிட்டி உருவாக்குகிறோம் என்று சொல்கிறார்களே, அதை அவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்.

1930-களில் ஹார்ன்பி கோடீஸ்வரர். 1931-ல் லிவர்பூலின் எவர்டன் தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் வென்று நாடாளுமன்றம் சென்றார். 1935 தேர்தலில் போட்டியிடவில்லை. இடையில் 1934-ல் டிங்கி டாய்ஸ் என்ற குட்டிக் கார்களும் சந்தைக்கு வந்தன. 1936 செப்டம்பர் 21-ம் தேதி, 73 வயதில் இறந்தார். இதய நோயும் சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தன. மூத்த மகன் ரோலண்ட் பொறுப்பேற்றார்.

போர் தின்ற இரண்டு ரயில்கள்

ஹார்ன்பி இறந்து மூன்றே ஆண்டுகளில் இரண்டாம் உலகப்போர். இரும்பு என்றால் துப்பாக்கி, கப்பல், குண்டு. பொம்மைக்கு இடமில்லை. பின்ஸ் சாலைத் தொழிற்சாலை போர்த் தளவாடப் பணிக்கு மாறியது. 1942 தொடக்கத்திலிருந்து பிரிட்டனில் உலோகப் பொம்மைகள் தயாரிக்கவே தடை வந்தது.

இதே காலகட்டத்தில்தான் நம் பக்கம் மொரப்பூர் - ஓசூர் பாதை போனது. அந்தப் பாதை ஏன் போடப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இழப்பின் கனம் புரியும்.

1876-78-ல் வந்த தாது வருஷப் பஞ்சம், அன்றைய சேலம் மாவட்டத்தைக் கடுமையாக உலுக்கியது. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலத்தோடுதான் இருந்தன. அதற்குப் பிறகு அமைந்த பஞ்சக் கமிஷன், பஞ்சம் தாக்கும் பகுதிகளுக்கு ரயில் போட வேண்டும் என்று வலியுறுத்தியது. தானியம் போய்ச் சேர வழி வேண்டுமே. சென்னை - சேலம் மெயின் லைன், மொரப்பூர் வழியாகப் போகிறது. தருமபுரி நகரம் அதில் வராது. மெயின் லைனிலிருந்து உள்ளே போக, செலவு குறைந்த குறுகிய பாதை போட்டார்கள். தண்டவாளம் எடை குறைவு, வளைவுகளை இறுக்கமாக வைக்கலாம், மண் வேலை குறைவு. பஞ்சப் பாதுகாப்பு ரயில் என்பதுதான் அதன் அடையாளம்.

ஆக, லிவர்பூலில் நின்றது குழந்தைகளின் விளையாட்டு. தருமபுரியில் நின்றது பஞ்சத்துக்குப் பாதுகாப்பாகப் போட்ட பாதை. போர் முடிந்ததும் பொம்மை ரயில் திரும்பி வந்தது. மொரப்பூர் குட்டி ரயில் வரவே இல்லை. சேலம் - பெங்களூரு பாதை பிற்பாடு தருமபுரி வழியாக வந்தாலும், மொரப்பூர் இணைப்பு விட்டது விட்டதுதான். பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு, மொரப்பூர் - தருமபுரி அகலப்பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

கம்பெனி என்ன ஆனது?

1938-லேயே ஹார்ன்பி டப்லோ என்ற சிறிய ரயில் வந்திருந்தது. பாதை அகலம் 16.5 மில்லி மீட்டர். போருக்குப் பிறகு வீடுகள் சிறிதாகின. பெரிய தகர ரயிலை விரித்துவைக்க இடமில்லை. அடுத்து பிளாஸ்டிக் வந்தது. பிளாஸ்டிக்கில் நுணுக்கம் அதிகம், செலவு குறைவு. தகரம் தாக்குப்பிடிக்கவில்லை.

1964-ல் மெக்கானோ கம்பெனியை, போட்டி நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கியது. அவர்களும் 1971-ல் சரிந்தார்கள். பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979 நவம்பர் இறுதியில் மூடப்பட்டது. முன்கூட்டியே பெரிதாக எதுவும் சொல்லாமல் மூடியதால், வேலையிழந்த நூற்றுக்கணக்கானோர் கொதித்துப்போனார்கள். தொழிலாளர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே தங்கிப் போராடினார்கள். கதவு மறுபடி திறக்கவில்லை. ஹார்ன்பி என்ற பெயர் மட்டும் வேறு நிறுவனத்தின் வழியே இன்றும் மாடல் ரயில்களில் இருக்கிறது.

பழைய தகர ரயில் கையில் கிடைத்தால் என்ன செய்வது?

பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவுக்கும் ஹார்ன்பி ரயில்கள் வந்தன. பழைய வீட்டுப் பரணிலோ, பழைய பொருள் கடையிலோ ஒன்று கண்ணில் பட்டால் இவற்றைக் கவனியுங்கள்.

* பெயரும் நிறமும்: 1923-ல் பிரிட்டனின் ரயில் கம்பெனிகள் நான்கு பெரிய நிறுவனங்களாக இணைக்கப்பட்டன. பெட்டியின் மீது பழைய கம்பெனியின் எழுத்துகள் இருந்தால், அது பெரும்பாலும் ஆரம்ப ஆண்டுகளைச் சேர்ந்தது.

* பெயின்ட்: தயவுசெய்து புது பெயின்ட் அடிக்காதீர்கள். கீறலும் மங்கலும் இருந்தாலும் அசல் பூச்சுக்குத்தான் மதிப்பு. பளபளவென்று மாற்றினால் மதிப்பு போய்விடும்.

* சக்கரம்: 1930-களில் துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களில், கலப்படம் காரணமாக உள்ளுக்குள்ளேயே வெடிப்பு வரும். சக்கரம் வீங்கி, பொடிப் பொடியாக உதிரும். தகரம் நன்றாக இருக்கும், சக்கரம் போயிருக்கும். வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

* சாவி: பல ஆண்டுகள் சும்மா கிடந்த சுருள் கம்பியை முழுசாக முறுக்க வேண்டாம். சட்டென்று விடுபட்டால் கையைப் பதம் பார்க்கும்.

* அட்டைப்பெட்டி: ஹார்ன்பியின் சிவப்பு அட்டைப்பெட்டி கூடவே இருந்தால் மதிப்பு கூடும். ஆனால் புதிதாக அச்சடித்த பெட்டிகளும் சந்தையில் உண்டு, ஜாக்கிரதை.

* குழந்தைகள்: அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தகட்டின் ஓரங்களும் கூர்மை. பொம்மைதானே என்று சின்னக் குழந்தைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

* ஈரம்: தகரத்துக்கு எதிரி ஈரக்காற்று. வெள்ளீயப் பூச்சு கீறிய இடத்தில் துரு உடனே பிடிக்கும். காற்றோட்டமான, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

1969-ல் பிரிட்டனில் ஹார்ன்பி ரயில் சேகரிப்பாளர்களுக்கென்று ஒரு சங்கமே உருவானது. பெட்டியின் நிறம், எழுத்தின் அளவு, எந்த ஆண்டு எந்த பாகம் மாறியது என அனைத்தையும் அவர்கள் பதிவு செய்தார்கள். மூடிப்போன ஒரு தொழிற்சாலை என்னவெல்லாம் செய்தது என்பது இன்று இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், பழைய பொம்மையைத் தூக்கிப்போட மனம் வராத மனிதர்கள்தான்.

மொரப்பூர் குட்டி ரயிலுக்கு அப்படியொரு சங்கம் அமையவில்லை. உங்கள் வீட்டில் அந்த ரயிலின் டிக்கெட், போட்டோ, தாத்தா பாட்டி சொன்ன தகவல் எதுவும் இருந்தால், முதல் வேலையாக ஸ்கேன் செய்து, ஊர், ஆண்டு குறித்து வையுங்கள். சேகரிப்பு என்பது அங்கேதான் ஆரம்பிக்கிறது.